புதனா, வியாழனா?

போன மாதம் ஒரு காலை நேரம். மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா. மூடிக்கு மூடி என் மனைவி தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கும்: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. முதல் மூன்று அறையும் காலி. 'பு' மூடியைத் திறந்தேன். இரத்த அழுத்தத்துக்கான வெள்ளை மாத்திரையும், பக்கத்தில் பாதியாக உடைத்த மஞ்சள் மாத்திரையும் இருந்தன. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன நேரத்தில் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, புதன்ல கை வைக்கிறீங்க? இன்னைக்கு வியாழன்."

இல்லவே இல்லை என்றேன். டப்பாவே சாட்சி, புதன் மாத்திரை அப்படியே இருக்கிறதே என்று காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் பேப்பரை எடுத்து நீட்டினாள். மேலே வியாழக்கிழமை என்று அச்சாகியிருந்தது. அந்தப் பேப்பரை அதற்குமுன் ஒரு மணி நேரம் வரி விடாமல் படித்திருக்கிறேன். கிழமை மட்டும் கண்ணில் படவில்லை.

விட்டுப்போனதைச் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் வியாழன் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன். புதன் மாத்திரை டப்பாவிலேயே கிடந்தது. அன்று பகல் முழுக்க எனக்கு மனசு சரியாக இல்லை. ஞாபகம் போக ஆரம்பித்துவிட்டதோ என்ற பயம் வந்துவிட்டது. இந்த வயதில் அந்தப் பயம் வந்தால் அவ்வளவு சீக்கிரம் போகாது.

வேலையில் இருந்த 34 வருடமும் கிழமையை நான் யோசித்துத் தெரிந்துகொண்டதே இல்லை. திங்கட்கிழமை காலை கண் விழிக்கும்போதே உடம்புக்குத் தெரியும். செவ்வாய் என்றால் கூட்டம், புதன் என்றால் மாதாந்திரக் கணக்கில் பாக்கி என்ன என்று பார்க்கும் நாள், வெள்ளி சாயங்காலம் மேஜையைச் சுத்தம் செய்துவிட்டு எழுந்திருக்கும்போது தோளில் இருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருக்கும். ஓய்வு பெற்றதும் அந்த மேடு பள்ளம் எல்லாம் சமமாகிவிட்டது. எல்லா நாளும் ஞாயிறு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு எல்லா நாளும் புதன்கிழமை மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கரை தெரியாத நடு வாரம்.

அப்புறம் ஒரு விஷயம் படித்தேன், மனசு கொஞ்சம் ஆறியது. 2015இல் பிரிட்டனில் உளவியல் ஆய்வாளர்கள் சிலர் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். இன்று என்ன கிழமை என்று கேட்டால் திங்களையும் வெள்ளியையும் மக்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்றுக்கும்தான் தடுமாற்றம். நடுவில் ஒரு விடுமுறை வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்கக் குழப்பம் கூடுகிறது. இவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற வயதுக்காரர்கள். நினைவுக் கோளாறு ஒன்றும் இல்லாதவர்கள். திங்களோடும் வெள்ளியோடும் மனசில் ஒட்டிக்கொள்கிற சங்கதிகள் நிறைய. நடு நாட்களில் அப்படி ஒட்டுவதற்கு அதிகம் இல்லை. என் பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தை நகர்த்தி வைத்துவிட்டு, கிழமை என்றால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

யோசிக்கப் போனால், இத்தனை வயது வரை கேட்காத ஒரு கேள்வி வந்து நின்றது. ஞாயிறுக்குப் பிறகு ஏன் திங்கள்? திங்களுக்குப் பிறகு ஏன் செவ்வாய்? தமிழில் ஏழு கிழமைக்கும் வானத்தில் உள்ளவற்றின் பெயர்கள்தான். சூரியன், நிலா, அப்புறம் கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்கள். ஆனால் அந்த வரிசை தூரத்தைப் பார்த்தும் இல்லை, வெளிச்சத்தைப் பார்த்தும் இல்லை.

பழைய வானியலார்கள் இந்த ஏழையும் வானத்தில் அவை நகரும் வேகத்தை வைத்து வரிசைப்படுத்தினார்கள். மிக மெதுவாக நகர்வது சனி. அதன்பின் வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், கடைசியாக மிக வேகமாக நகரும் திங்கள். ஒரு நாளின் 24 மணிக்கும் இதே வரிசையில் ஒவ்வொன்றை அதிபதியாக வைத்தார்கள். ஓரை என்று நாம் சொல்வது அதைத்தான். முதல் மணி யாருடையதோ, அந்த நாள் அவர் பெயரில். சனியில் தொடங்கி விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஏழு பேர் மூன்று சுற்று வந்தால் 21 மணி முடியும். 22 சனி, 23 வியாழன், 24 செவ்வாய். அத்தோடு நாள் முடிந்தது. மறுநாளின் முதல் மணி ஞாயிறு. அங்கிருந்து அதே மாதிரி எண்ணினால் அடுத்த நாள் திங்கள், அதற்கடுத்து செவ்வாய், பிறகு புதன். மேஜையில் ஏழு தாள் துண்டுகளை வட்டமாக வைத்து நானே எண்ணினேன். ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. ரோமப் பேரரசின் காலத்தில் யாரோ எண்ணிய ஓர் எண்ணிக்கை என் மாத்திரை டப்பா மூடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் ஒரு சுற்று எண்ணிப் பார்த்தாள்.

நாள் என்பது பூமி ஒரு சுற்று சுற்றுவது. மாதத்துக்கு நிலா இருக்கிறது. வருடத்துக்குச் சூரியன். வாரத்துக்கு மட்டும் வானத்தில் ஒன்றும் இல்லை. ஏழு நாள் ஆயிற்று என்று எந்த மரமும் பறவையும் காட்டிக்கொடுக்காது. மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எண்ணி வைத்திருப்பதுதான் வாரம்.

அந்த எண்ணிக்கையை மாற்றிப் பார்த்த அரசுகளும் உண்டு. பிரான்சில் புரட்சிக்குப் பிறகு 1793இல் பத்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். பத்தாவது நாள்தான் ஓய்வு. 1806 ஜனவரி முதல் நாளோடு அந்த நாட்காட்டியே போய்விட்டது.

சோவியத் ஒன்றியம் செய்தது எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. 1929இல் ஆலைகள் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று ஐந்து நாள் வாரம் வகுத்தார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஓய்வு, மற்றவர்கள் வேலையில். கணக்குப்படி பார்த்தால் லாபம்தான். ஏழு நாளுக்கு ஒரு முறை கிடைத்த ஓய்வு ஐந்து நாளுக்கு ஒரு முறை கிடைக்கிறது. ஆனால் கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை என்றால்? மனைவி ஆலையில், பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக்கு யாரும் வந்து போக முடியாது, நாங்கள் வீட்டில் இருந்து என்ன செய்வது என்று ஒரு தொழிலாளி எழுதிய கடிதம் ஆளும் கட்சியின் நாளிதழான பிராவ்தாவிலேயே வந்தது. 1931இல் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரம் ஆக்கினார்கள். 1940 ஜூனில் பழைய ஏழு நாளுக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தை யோசிக்கும்போதெல்லாம் ஓய்வு பெற்றவர்களின் நிலைமைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. எங்களுக்குக் கிடைத்திருப்பதும் அப்படி ஒரு ஓய்வுதான். நாங்கள் வீட்டில் இருக்கிறோம், மற்றவர்கள் எல்லோரும் வேறு நிறத்தில் இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு குடும்பத்தைப் பற்றியும் படித்திருக்கிறேன். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது. செவ்வாயில் ஒரு நாள் என்பது நம் நாளைவிடக் கிட்டத்தட்ட 40 நிமிடம் நீளம். முதல் மூன்று மாதம் அதை இயக்கிய குழுவினர் செவ்வாய் நேரப்படிதான் வேலை பார்த்தார்கள். தினமும் 40 நிமிடம் தள்ளிப்போனால், இரண்டரை வாரத்தில் பகல் வேலை இராத்திரி வேலை ஆகிவிடும். குழுவின் இயக்குநர்களில் ஒருவர் வீட்டில், அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் சுமார் ஒரு மாதம் அவரோடு சேர்ந்து செவ்வாய் நேரத்துக்கே மாறிக்கொண்டார்கள். அவர் தூங்கும்போது தூங்கி, அவர் எழுந்தால் எழுந்து. வெளியே நடு இராத்திரி, வீட்டுக்குள் காலை. எவ்வளவு அழகான காரியம் என்று அன்று பூரா சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிழமையைத் தவறவிட்டவர்களில் என்னைவிடப் பெரிய ஆளும் உண்டு. மெகல்லனின் பயணத்தில் கூடப் போனவர் அந்தோனியோ பிகாபெட்டா. 1519இல் ஐந்து கப்பல்களில் கிளம்பியவர்களில், உலகைச் சுற்றிவந்த விக்டோரியா கப்பலில் 1522 செப்டம்பரில் ஸ்பெயினுக்குத் திரும்பியவர்கள் 18 பேர். அவர்களில் பிகாபெட்டாவும் ஒருவர். வழி நெடுக நாள் குறித்துக்கொண்டே வந்தார். 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவில் உணவு வாங்கக் கரை இறங்கியவர்களிடம், இன்று என்ன கிழமை என்று கேட்டுவரச் சொன்னார். வியாழன் என்று பதில் வந்தது. கப்பலில் எல்லோர் கணக்கிலும் அன்று புதன்.

அதே புதன், அதே வியாழன்! இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடம்பு கெட்டதே இல்லை, ஒரு நாள் விடாமல் குறித்திருக்கிறேன், எப்படித் தப்பியது என்று அவர் குழம்பியிருக்கிறார். அவர் குறிப்பில் தப்பில்லை. மேற்கு நோக்கியே சூரியனைத் துரத்திக்கொண்டு போனதால் அவர்களுடைய ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் நீண்டது. மூன்று வருடத்தில் அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்து சரியாக ஒரு முழு நாள் ஆகியிருந்தது.

நம் காலத்திலும் ஒரு தேசமே ஒரு கிழமையைக் கைவிட்டிருக்கிறது. சமோவா தீவு 2011 டிசம்பர் 29 வியாழக்கிழமை இரவு படுத்து, டிசம்பர் 31 சனிக்கிழமை எழுந்தது. ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வியாபாரம் செய்ய ஒரே கிழமையில் இருப்பதுதான் வசதி என்று உலகில் தேதி மாறுவதற்காகக் கடலில் வகுத்திருக்கும் தேதிக் கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டார்கள். அங்கே அந்த 30ஆம் தேதி யாருக்கும் பிறந்தநாள் கொண்டாட நாளே இல்லை. 1892இல் இதே சமோவா அமெரிக்காவோடு வியாபாரம் செய்ய எதிர்ப்பக்கம் மாறியபோது ஜூலை 4 இரண்டு முறை வந்ததாம்.

மாத்திரை விட்டுப்போன அந்த வாரமே ஒரு நாட்குறிப்பு வாங்கினேன். நாளுக்கு ஒரு பக்கம். மேல் பாதியில் அன்றைய செய்தி ஒன்று, கீழ்ப் பாதியில் அன்று வந்த சின்னச் சந்தேகம் ஒன்று. தலைப்பில் கிழமையை முழுசாக எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஒரு நாளைக்கு ஒரு செய்திதான் என்று வைத்துக்கொண்டதில் படிக்கிற விதமே மாறிப்போயிற்று. தொலைக்காட்சியில் கீழே ஓடுகிற வரிகளைப் பார்த்துப் படபடத்த காலம் போய், ஒன்றை எடுத்து அடிவரை போய்ப் பார்க்க நேரம் இருக்கிறது. வேலையில் இருந்தவரை இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை பக்கத்தில் இப்படி இருக்கிறது: பூமி கொஞ்சம் அவசரப்படுகிறதாம். 2024 ஜூலை 5 அன்று பூமி தன் சுற்றை 24 மணிக்கு 1.66 மில்லிவினாடி முன்னதாகவே முடித்துவிட்டது. 1972இலிருந்து அணுக் கடிகாரத்துக்கும் பூமிக்கும் இடையில் இடைவெளி விழும்போதெல்லாம் ஒரு வினாடியைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை 27 முறை. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31. கணினி வலைப்பின்னல்களுக்கு இந்தக் கூடுதல் வினாடி பெரிய தொந்தரவு. ஆகவே 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்துவது என்று 2022 நவம்பரில் உலக நாடுகள் கூடி முடிவெடுத்திருக்கின்றன. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம். பூமிக்காக ஒரு வினாடி நின்று காத்திருப்பது நல்ல வழக்கமாகத்தான் பட்டது.

கீழ்ப் பாதியில் அன்றைய சந்தேகம்: நாள் எப்போதும் இதே நீளம்தானா? இல்லை. இடையில் சில வருடம் அவசரப்பட்டாலும், கோடிக்கணக்கான வருடக் கணக்கில் பார்த்தால், நிலாவின் ஈர்ப்பில் கடல் ஏறி இறங்கும் உராய்வில் பூமி மெல்ல மெல்ல வேகம் குறைகிறது. அதற்குச் சாட்சி பவளம். பவள உயிர் தினமும் தன் மேல் ஒரு மெல்லிய சுண்ணாம்பு வரி போட்டுக்கொண்டே வளர்கிறது. 1963இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், கிட்டத்தட்ட 40 கோடி வருடத்துக்கு முந்தைய பவளப் புதைபடிவத்தை எடுத்து, வருடத்துக்கு எத்தனை வரி என்று எண்ணினார். சுமார் 400 வந்தது. அன்றைக்கும் வருடம் இதே நீளம்தான், நாள்தான் சின்னது. ஒரு நாளைக்குச் சுமார் 22 மணி நேரம்! தினம் ஒரு வரி எழுதி வைத்த அந்தப் பவளத்தை நினைத்தால் எனக்குப் பேனா பிடிக்கும்போது ஒரு மரியாதை வருகிறது.

நாட்குறிப்பு மட்டும் போதவில்லை. பிகாபெட்டாவுக்கும் கையில் நாட்குறிப்பு இருந்ததே, கரையில் இருந்தவர்கள் சொல்லித்தானே தெரிந்தது. ஆகவே கிழமைகளை மனிதர்கள் மேல் கட்ட ஆரம்பித்தேன். செவ்வாய் நூலகம். சனிக்கிழமை பேத்தியின் நாள். போன சனிக்கிழமை அவள் ஷூ கயிறு மூன்றாவது முறை அவிழ்ந்ததும், "தாத்தா, நான் இறுக்கித்தானே கட்டினேன்?" என்று கேட்டாள். அது கீழ்ப் பாதிக்குப் போயிற்று. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2017இல் இதைப் படம்பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். கால் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு விசை விழுந்து முடிச்சைத் தளர்த்துகிறது. காலை வீசும்போது கயிற்றின் நுனிகள் சாட்டை மாதிரி வெளியே இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து திடீரென்று ஒரு நொடியில் அவிழ்ந்துவிடுகிறது. அவள் மேல் தப்பில்லை என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் முடிச்சின் இரண்டு பாதியையும் எதிரெதிர்த் திசையில் போட்டு எப்படிக் கட்டுவது என்று தரையில் உட்கார்ந்து காட்டினேன். அன்று முழுக்க அவிழவில்லை.

வியாழக்கிழமைக்கு என் பழைய அலுவலக நண்பர். பக்கத்து மேஜையில் 19 வருடம் உட்கார்ந்திருந்தவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். புதனா வியாழனா என்று நான் தடுமாறிய கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எனக்குச் சில நாள் மாதமே தெரியறதில்லைப்பா" என்றார். அன்றிலிருந்து வியாழன் காலை பத்து மணிக்கு நான்தான் கூப்பிடுவேன். நாட்குறிப்பில் அந்த வாரம் எழுதியதில் ஒன்றைப் படித்துக் காட்டுவேன்.

இந்த வாரம் வாயேஜர் 1. 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பியது. அந்த விண்கலத்தில் 2023 நவம்பரில் கோளாறு வந்து, அது அனுப்பியதெல்லாம் புரியாத எண்களாகவே வந்துகொண்டிருந்தது. நினைவகத்தில் கெட்டுப்போன ஒரு சில்லைக் கண்டுபிடித்து, அங்கே இருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் மறுபடி பேச வைத்தார்கள். 2026 நவம்பரில் அது ஒரு ஒளிநாள் தூரத்தை எட்டிவிடும் என்று கணக்கு. ஒளியின் வேகத்தில் போகிற செய்தியே போய்ச் சேர ஒரு முழு நாள். பதில் வர இன்னொரு முழு நாள்.

"இங்கேருந்து புதன்கிழமை காலைல எப்படி இருக்கேன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை காலைலதான் பதில் வரும்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் விரல் விட்டு எண்ணுகிறார் என்று புரிந்தது.

"அப்போ வியாழக்கிழமை காலைல அது கைக்குக் கேள்வி போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார். "இன்னைக்கு."

"ஆமா, இன்னைக்கு மாதிரி ஒரு வியாழக்கிழமைல" என்றேன்.